தெற்குச் சுவர்

ஜூன் 3, திங்கள்

வேலைத்தளத்தில் எழுதும் நாட்குறிப்புக்கு முதல் வரி வானிலை. இருபது வருஷமாகக் கட்டடக்கலைக் கல்லூரியில் பிள்ளைகளை அதட்டி அதட்டி நான் சொல்லிக்கொடுத்தது இது. ஆகவே: மேற்கேயிருந்து மேல்காற்று. ஊரைச் சுற்றியுள்ள மணல்மேட்டுத் தேரிமண் சிவப்பாகப் பறக்கிறது. சோற்றில் மண், தலையணையில் மண், பல்லுக்கிடையில் மண்.

காலையில் ஐயர் வந்தார். எங்கள் மதுரையில் பாஸ்டர் என்போம். இந்த எலீம்விளையில் கோயில் போதகருக்கு ஐயர் என்றுதான் பேர். இது என் வீட்டுக்காரர் செல்வினுடைய ஊர். நவம்பரிலிருந்து அவருடைய அக்கா, என் மைனி, வீட்டில்தான் இருக்கிறோம். நான் கல்லூரிக்கு லீவு போட்டது போட்டபடி கிடக்கிறது. மைனி காப்பி கொண்டுவந்து வைத்தார். ஐயர் பாதி குடித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார். ஊர்க்கோயிலை இடித்துவிட்டுப் பெரிசாகக் கட்டப்போகிறார்களாம். கிட்டத்தட்ட நூற்றைம்பது வருஷக் கட்டடம் என்பதால் பேராயர் அலுவலகத்தில் ஓர் ஆய்வறிக்கை கேட்கிறார்களாம்.

"நீங்க இதுக்குன்னே படிச்சவங்க. அளந்து, படம் போட்டு, ஒரு ரிப்போர்ட் எழுதிக் குடுத்திருங்களேன். உங்களுக்கும் மனசுக்கு ஒரு மாத்தமா இருக்கும்."

மனசுக்கு மாற்றம் வேண்டும் என்று நான் யாரிடமும் மனுப் போடவில்லை. சரி என்று மட்டும் சொன்னேன்.

புதுக்கோயில் படத்தை போனில் காட்டினார். தெற்கே நன்றாக இழுத்திருக்கிறார்கள். தெற்குச் சுவரை ஒட்டியிருக்கும் கல்லறை வரிசையைத் தோண்டி எடுத்து, ஊருக்கு வெளியே புதுக் கல்லறைத் தோட்டத்தில் கொண்டுபோய் வைப்பார்கள். அந்த வரிசையில் மற்றதெல்லாம் பழசு. ஒன்று மட்டும் புதுசு, எங்கள் மகளுடையது. ஐயர் அந்த இடத்தை விரலால் பெரிதாக்கப் போனார். நான் கோபுரம் எத்தனை அடி உயரம் என்று கேட்டேன்.

ஜூன் 4, செவ்வாய்

காற்று அதேதான்.

அளவு வேலையை ஆரம்பித்தேன். லேசர் கருவி இருப்பதால் டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஆள் தேவையில்லை. சுவரில் ஒரு சிவப்புப் புள்ளி விழும், எண் வரும், எழுதிக்கொள்ள வேண்டியதுதான். யாரோடும் பேச வேண்டாம். உள்ளே நீளம், அகலம், தூணுக்குத் தூண் தூரம் எல்லாம் எடுத்தாயிற்று.

நல்ல கோயில், சொல்லத்தான் வேண்டும். விக்டோரியா ராணி காலத்துக் கோதிக், அச்சு அசல். வாசலுக்கு மேலே கூம்புக் கோபுரம். மேலே கூர்முனையாக முடியும் ஒல்லிச் சன்னல்கள். சிவப்புச் செங்கல் நடுவே வெளிர்செங்கல் வரி. இலையும் கொடியுமாக வார்த்த இரும்புத் தூண்கள். பீடத்தின் முன்னால் பழுப்பும் மஞ்சளுமாகப் பூப்போட்ட இங்கிலாந்துத் தரையோடு. கூரை செங்குத்தாக இறங்குகிறது. உறைபனி வழுக்கி விழுவதற்கு வைத்த சரிவு அது. எலீம்விளையில் உறைபனி! இங்கே மழையே எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். யாரோ ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் கப்பலில் வந்த மாதிரிப்படப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, இதே மாதிரி கட்டுங்கப்பா என்று சொல்லியிருக்கிறார். இவர்களும் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள்.

ஜூன் 6, வியாழன்

வடக்குச் சுவர் வெளிப்புறம் முடிந்தது. சன்னல் எல்லாம் ஆளுயரத்துக்கு மேலேதான் தொடங்குகிறது.

செல்வின் சாயங்காலமானால் பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார். இருட்டுவதற்கு முன்னால் காலி வாளியோடு வருவார். எங்கே என்று நான் கேட்பதில்லை. அவரும் சொல்வதில்லை. மைனிக்குத்தான் வாய் சும்மா இருக்காது. தங்கபுஷ்பம் என்று பேர் வைத்தவர்கள் வாய்க்கு ஒரு பூட்டும் வைத்திருக்கலாம்.

"நீயும் ஒரு எட்டு போயிட்டு வரலாம்லா, ஹெப்சி?"

"அளவெல்லாம் சுத்தமா எழுதி வைக்கணும் மைனி."

"ஆமா, அந்தக் கோயிலு ராத்திரியோட ராத்திரியா ஓடியாப் போவுது! நவம்பர்ல இருந்து ஒனக்கு ஒண்ணு மாத்தி ஒண்ணு வேலை வந்துட்டேல்லா இருக்கு."

கத்தரிக்காய் நறுக்கிக் கொடுத்தேன். விரலையும் சேர்த்து நறுக்கிக்கொண்டேன். ரத்தத்தை மைனிதான் முதலில் பார்த்தார். எனக்கு வலி கொஞ்ச நேரம் கழித்து வந்தது.

ஜூன் 9, ஞாயிறு

ஆராதனைக்குப் போனேன். பெண்கள் வடக்குப் பக்கம், ஆண்கள் தெற்குப் பக்கம். இடம் போதவில்லை என்பது உண்மைதான். பாதிப்பேர் வெளியே பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருக்கிறார்கள், பிரசங்கம் அவர்களுக்கு ஒலிபெருக்கியில்தான். பின்வரிசைப் பெண்கள் முந்தானையால் விசிறிக்கொண்டே ஜெபம் பண்ணுகிறார்கள். உள்ளே இருந்து பார்த்தால் இரண்டு பக்கச் சன்னல்களும் ஒரே மாதிரி, ஒரே உயரம். அளவையும் ஒத்துப் பார்த்துக்கொண்டேன்.

முடிந்து வெளியே வரும்போது ஆசீர் சித்தப்பா பிடித்துக்கொண்டார். செல்வினுக்கு அப்பாவழிச் சித்தப்பா, பாங்கு மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், இப்போது கோயில் கமிட்டிச் செயலர். புதுக்கோயில் அவருடைய எண்ணம்தான். கெட்ட மனுஷர் இல்லை. அதுதான் கஷ்டம்.

"ஏ தாயி, நீ ரிப்போர்ட்டு எழுதுதியாமே. நல்லா எழுது. ஆனா ஒண்ணு, இடிக்கக் கூடாதுன்னு எழுதுனா காரணமும் எழுதிப்போடு. சும்மா பழசு, பழசுன்னா நம்ம சனங்க கேக்க மாட்டாவ."

"இடிக்கக் கூடாதுன்னுதான் எழுதப் போறேன் சித்தப்பா."

"தெக்கு வரிசைக்காவயா?" என்று கேட்டார். குரலைத் தணித்துத்தான் கேட்டார்.

"கட்டடத்துக்காக" என்றேன்.

ஜூன் 12, புதன்

வானிலை: மண்.

அறிக்கை எழுதுகிறேன். "தோற்றமும் தாக்கங்களும்" என்ற பகுதி மட்டும் எட்டுப் பக்கம் வந்துவிட்டது. இது எனக்குத் தூக்கத்திலும் வரும். விக்டோரியா காலத்துக்காரர்களுக்குத் தங்களுக்கென்று ஒரு பாணி இல்லை. இருந்ததெல்லாம் ரயிலும், கப்பலும், அச்சுப் புத்தகமும். கிரேக்க, ரோமானியப் பாணி அஞ்ஞானிகளுடையது, நடுக்காலத்துக் கோதிக்தான் உண்மையான கிறிஸ்தவப் பாணி என்று ஒரு கூட்டம் அங்கே சண்டை போட்டு ஜெயித்தது. கூர்வளைவு பிரான்சுப் பெருங்கோயில்களிலிருந்து வந்தது. அதற்கும் முந்தி அரபு நாடுகளில் இருந்தது என்பார்கள். செங்கலில் வரி போடுவது இத்தாலி. தரையோடு, இங்கிலாந்து மடங்களில் துறவிகள் பதித்ததன் நகல். இரும்புத் தூண் ரயில்வேக்காரர்கள் புண்ணியம். அவ்வளவு ஏன், நம்ம ஊர் பங்களாவையும் வராந்தாவையும் கூடக் கொண்டுபோய் அங்கே கடற்கரையோரம் கட்டி வைத்துக்கொண்டார்கள்.

ஒரு வருஷம் வகுப்பில் ஒரு பையன் கேட்டான், "அப்போ அவங்களா என்னதான் மேடம் கண்டுபிடிச்சாங்க?" என்று. "ஒண்ணுமில்லடா, எல்லாரு வீட்டுலயும் எடுத்தாங்க, நல்லா அடுக்கினாங்க" என்றேன். வகுப்பே சிரித்தது. அன்றைக்கு வீட்டில் இதைச் சொன்னபோது அவளும் சிரித்தாள். கணக்குப் பார்த்தால் அப்போது அவள் பத்தாவது.

எழுத எழுத வருகிறது. சாப்பிடக் கூப்பிட்டார்கள், போகவில்லை. பசிக்கவில்லை.

ஜூன் 14, வெள்ளி

மங்களூர் ஓட்டில் ஒரு மீன் முத்திரை. போட்டோ எடுத்தேன். வேறொன்றுமில்லை.

ஜூன் 17, திங்கள்

காற்று கொஞ்சம் மட்டு.

கணினியில் வரைபடங்களை முடிக்கிறேன். மேற்குமுகம், கிழக்குமுகம், வடக்குமுகம், தளப்படம், குறுக்குவெட்டு எல்லாம் ஆயிற்று. தெற்குமுகம் பாக்கி. வடக்கு முகத்தைத் தேர்வு செய்து, கண்ணாடியில் பார்ப்பது போலத் திருப்பிப் போட்டேன். ஒரே சொடுக்கு. இந்த மாதிரிக் கோயில்கள் இரண்டு பக்கமும் ஒன்றாகத்தான் இருக்கும், மாதிரிப்படத்தில் ஒரு பக்கத்தை மட்டும்தான் வரைந்திருப்பார்கள். உள் அளவும் ஒத்துப்போகிறது. எல்லாக் கட்டடக் கலைஞர்களும் செய்வதுதான். மாணவர்கள் செய்தால் மதிப்பெண்ணைக் குறைப்பேன்.

"தெற்குமுகத் தோற்றம்" என்று தலைப்புப் போட்டுச் சேமித்தேன். வேலை முடிந்தது.

ஜூன் 20, வியாழன்

செல்வின் இன்று வாளியைத் தூக்கியவர் வாசலில் நின்றார்.

"ஹெப்சி, ஒரே ஒரு தடவ வா. தூரத்துல நின்னு பாத்துட்டு வந்துரு."

"ஞாயித்துக்கிழமை கூட்டத்துக்கு இன்னும் முடிவுரை எழுதல."

அவர் வாளியோடு படியிறங்கிப் போனார். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். டெலிபோன் இலாகாவில் கம்பத்தில் ஏறி இறங்கின மனுஷர், யாரிடமும் சத்தம் போட்டுப் பேசி நான் பார்த்ததில்லை.

ஒன்றை எழுதி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் நான் ஏதோ கல்நெஞ்சுக்காரி என்று இருக்கும். அடக்கத்துக்கு நான் போகவில்லை. டெங்குக் காய்ச்சலில் சென்னையில் போனவளை இங்கே கொண்டுவந்தது வரை கூடவே இருந்தேன். அப்புறம் இந்த வீட்டில் ஊசி போட்டுப் படுக்க வைத்துவிட்டார்கள். எழுந்திருக்கும்போது பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. எல்லாரும் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். போய்ப் பார்க்காத வரைக்கும் எனக்கு அது நடக்கவில்லை. இதில் அழுகை எங்கே வருகிறது? எனக்கு ஒன்றுமே வரவில்லை. மரத்துப்போன காலை இழுத்துக்கொண்டு நடப்பது போலத்தான் இருக்கிறது.

ஆனால் அவளை அங்கிருந்து தோண்டி எடுக்க விடமாட்டேன். அது மட்டும் தெரிகிறது.

ஜூன் 23, ஞாயிறு

ஆராதனை முடிந்து பள்ளிக்கூட ஹாலில் கூட்டம். கமிட்டிக்காரர்கள் முன்னால், சபையார் பின்னால். சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டிப் படம் காட்டினேன். நன்றாகப் பேசினேன் என்றே நினைக்கிறேன். ஐயர் தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

ஆசீர் சித்தப்பா எழுந்தார். கையில் என் அறிக்கை.

"தாயி, நான் இத ரெண்டு தடவ படிச்சேன். அருமையா எழுதியிருக்க. கூர்வளைவு பிரான்சு, அதுக்கு முன்ன அரபு நாடு. செங்கல்ல வரி போட்டது இத்தாலி. தரையோடு இங்கிலாந்துச் சாமியாரு. தூணு ரயில்வேக்காரன். ஓடு மங்களூர்ல ஜெர்மன்காரன் சுட்டது. கூரை பனி விழுத ஊருக்கு. எல்லாம் சரி. இதுல நம்மது எது?"

"இந்தப் பக்கத்துல இவ்வளவு சுத்தமான விக்டோரியா கோதிக் வேற கிடையாது சித்தப்பா."

"சுத்தம்னா?"

"கலப்பு இல்லாதது. வந்த படத்த அப்படியே கட்டினது."

"அப்போ நம்ம ஆளு கை வைக்காததுன்னு நீயே சொல்லுத."

ஹாலில் சிரிப்பு எழுந்தது. யாரும் கேலியாகச் சிரிக்கவில்லை. அவர் சொன்னது அவ்வளவு சரியாக இருந்தது. எட்டுப் பக்கம் எழுதி நானே அதைக் கையில் கொடுத்திருக்கிறேன். ஒவ்வொரு செங்கலுக்கும் ஊர் பேர் கண்டுபிடித்து அனுப்பி வைத்துவிட்டேன், கடைசியில் எலீம்விளைக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. இருபது வருஷம் இதைத்தான் சொல்லிக்கொடுத்தேன். எது எங்கிருந்து வந்தது என்று கேட்கப் பழக்கினேன். வந்து என்ன ஆனது என்று கேட்கவே இல்லை.

அடுத்த படத்துக்குப் போனேன். தெற்குமுகம். பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"இது தெக்கு இல்ல."

செல்வின். கூட்டத்தில் அவர் பேசி யாரும் கேட்டதில்லை. எல்லாரும் திரும்பினார்கள்.

"தெக்குச் சன்னல் இப்படி இருக்காது. வெளிப்பக்கம் முழங்காலு வரைக்கும் இறங்கும். கீழ்ப்பாதிய உள்ள இருந்து அடைச்சிருக்காவ, வெளிய மாடம் மாதிரி குழிவா இருக்கும். ஒரு ஆளு உக்காரலாம். நான் தெனமும் சாயங்காலம் அதுலதான் உக்காந்திருக்கேன், கெசியாகிட்ட." என்னைப் பார்த்தார். "ஒன் படத்துல நான் உக்கார எடமே இல்லியே, ஹெப்சி."

நவம்பரிலிருந்து நான் ஒரு தடவைகூட அந்தப் பக்கம் போகவில்லை என்பது இப்போது ஊருக்கே தெரியும். பெண்கள் சிலர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். மைனி எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றார், ஒன்றும் பேசாமல். அவருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்!

சித்தப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முடிவ அடுத்த ஞாயித்துக்கிழமை எடுப்போம்" என்றார். "ஜெபம் பண்ணி முடிங்க ஐயரே."

ஜூன் 24, திங்கள்

கெசியா. ஏழெட்டு மாசம் கழித்து அந்தப் பேரை நேற்றுத்தான் எழுதினேன்.

ஜூன் 26, புதன்

காற்று மேற்கு. வெயில்.

காலையிலேயே போய்விட்டேன், யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து. தெற்குப் பக்கம். சுவரை மட்டும் பார்ப்பது என்று முடிவு செய்து, கல்லறைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

அவர் சொன்னது சரி. ஒவ்வொரு சன்னலும் மேலே அதே கூர்வளைவு, கீழே கிட்டத்தட்ட முழங்கால் வரை இறங்குகிறது. உள்ளேயிருந்து ஒற்றைச் செங்கல் கனத்தில் சுவர் வைத்து அடைத்திருக்கிறார்கள், அது பிற்காலத்து வேலை, சாந்தே வேறு. ஆனால் பக்கவாட்டுச் செங்கல்களைத் தடவித் தடவிப் பார்த்தேன். பின்னால் உடைத்து இறக்கின அடையாளம் எங்கேயும் இல்லை. கீழிருந்து மேல்வரை ஒரே கட்டு, ஒன்றையொன்று கவ்வி எழும்பியிருக்கிறது. ஆகவே கட்டும்போதே அப்படித்தான் கட்டியிருக்கிறார்கள். மாதிரிப்படத்தை மீறித்தான்.

ஏன் என்று யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை. பெஞ்சுகள் எல்லாம் அப்புறம் வந்தவை. அந்தக் காலத்தில் சனங்கள் தரையில் பாய் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். சன்னல் ஆளுயரத்துக்கு மேலே இருந்தால் உட்கார்ந்திருப்பவர் மேல் ஒரு பொட்டுக் காற்று படாது. தென்காற்று உட்கார்ந்த ஆள் முகத்துக்கு நேரே நுழைய வேண்டும், உள்ளே சூடானது வடக்குச் சன்னல் வழியாக மேலே வெளியேற வேண்டும். அதனால்தான் தெற்கு தாழ்வு, வடக்கு உயரம். மேற்கே மண்காற்று என்பதால் அங்கே வாசலைத் தவிர ஓட்டையே வைக்கவில்லை. லண்டனில் அச்சான புத்தகத்தில் இதெல்லாம் இருந்திருக்காது. பெஞ்சு வந்ததும் அடைத்துவிட்டார்கள். அப்புறம் ஏன் புழுங்காது?

விக்டோரியா கட்டடக்கலையின் தாக்கங்கள் என்று எட்டுப் பக்கம் எழுதினேன். அதன்மேல் நாம் செய்த தாக்கம் இந்தச் சுவரில் இருந்தது. வந்திருந்தால் முதல் நாளே பார்த்திருப்பேன்.

அரைமணி நேரம் நின்றிருப்பேன். திரும்பாமல், சுவரை ஒட்டியே நடந்து வெளியே வந்தேன்.

ஜூன் 30, ஞாயிறு

மறுபடி கூட்டம். இன்று படம் எதுவும் காட்டவில்லை. எல்லாரையும் கூட்டிக்கொண்டு தெற்குச் சுவருக்கே போயிருக்கலாம், அது என்னால் முடியாது. நின்றுகொண்டு சொன்னேன். போன வாரம் நான் காட்டிய தெற்குப் படம் அளந்து போட்டது இல்லை, வடக்கைத் திருப்பிப் போட்டது என்று சொன்னேன். அப்புறம் பாய், காற்று, தாழ்ந்த சன்னல், உயர்ந்த சன்னல்.

சித்தப்பா கையைத் தூக்கினார். "எங்க அம்ம சொல்லுவாவ, பிரசங்கம் நீண்டுட்டுன்னா சன்னல்ல சாஞ்சு தூங்கிருவோம்னு. நான், இவ்வளவு உயரத்துல இருக்க சன்னல்ல எப்படிச் சாய முடியும், அம்ம கதை வுடுதாவன்னு நெனச்சேன்."

"கதை இல்ல சித்தப்பா."

பின்னாலிருந்து இரண்டு மூன்று பேர் தங்கள் வீட்டில் கேட்டதையும் சொல்ல ஆரம்பித்தார்கள். கொஞ்ச நேரம் ஒரே சத்தம். அடங்கியதும் சித்தப்பா என்னை நேராகப் பார்த்துக் கேட்டார்.

"சரி தாயி. கோயிலு நெறஞ்சு வழியுது. சனங்க வெயில்ல இருக்காவ. அதுக்கு என்ன சொல்லுத?"

இதற்கு முன் கேட்டிருந்தால் ஒரு செங்கலைத் தொடக்கூடாது என்றிருப்பேன். இன்றைக்கு, "வடக்கே பழைய பள்ளிக்கூடக் கொட்டகை இருந்த இடம் காலியாத்தான் கிடக்கு. புதுக்கோயிலை வடக்கேயும் மேற்கேயும் இழுங்க. தெக்குச் சுவரு அப்படியே நிக்கட்டும், புதுக்கோயிலுக்கும் அதுதான் தெக்குச் சுவரு. அடைச்சதைத் திறந்துவிடுங்க, காத்து வரும்" என்றேன்.

"அப்போ பழைய கோபுரம்?"

"போகும்."

"அந்த இரும்புத் தூணு, பூப்போட்ட தரை?"

"எல்லாம் போகும் சித்தப்பா."

கையைத் தூக்கச் சொன்னார்கள். தூக்கினார்கள். பெரும்பாலும் எல்லாருமே. கல்லறை வரிசையை யாரும் தொடப்போவதில்லை என்று தீர்மானத்தில் தனியாக ஒரு வரி சேர்க்கச் சொன்னார் சித்தப்பா. யாருக்காக என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

எனக்குப் பிடித்ததெல்லாம் போகிறது. இத்தாலிச் செங்கல்வரி, பனிக்கூரை, கோபுரம். வருத்தமாக இருக்கும் என்று நினைத்தேன், இல்லை. சந்தோஷமாக இருக்கும் என்றும் நினைத்தேன், அதுவும் இல்லை. வீட்டுக்கு வந்து இரண்டு வாளித் துணி துவைத்தேன்.

ஜூலை 2, செவ்வாய்

காற்று குறைந்திருக்கிறது. ஆகாயம் தெளிவு.

நிற்கப்போகும் சுவரை ஒட்டி என்னென்ன இருக்கிறதோ அத்தனையும் வரைபடத்தில் வர வேண்டும். கல்லறைகளும்தான். கல்லறைகளுக்கு நடுவே லேசர் புள்ளி விழ எதிரே சுவர் கிடையாது. டேப்தான் பிடிக்க வேண்டும், டேப்புக்கு இரண்டு பேர் வேண்டும். சாயங்காலம் வாளியை எடுத்தவரிடம், "நானும் வரேன். மறுமுனையைப் பிடிங்க" என்றேன். செல்வின் வாளியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு எனக்கு வழிவிட்டார்.

மேற்குக் கோடியிலிருந்து ஆரம்பித்தோம். அந்தக் காலத்துக் கோயில் உபதேசியார் ஒருத்தர். அவர் சம்சாரம். பேர் அழிந்துபோன ஒரு சின்னக் கல்லறை. நான் தலைமாட்டில் டேப்பின் நுனியை வைப்பேன், அவர் கால்மாட்டில் எண்ணைப் பார்த்துச் சொல்வார், நான் எழுதிக்கொள்வேன். இப்படியே வந்தோம். அடுத்தது வெள்ளை டைல்ஸ் ஒட்டினது. கெசியா செல்வின் என்று போட்டு, கீழே இரண்டு தேதி. ஓரத்தில் ஒரு செம்பருத்தி, நாலைந்து மொட்டோடு. நான் தலைமாட்டில் குனிந்து டேப்பை வைத்தேன்.

"அஞ்சு" என்றார்.

"அஞ்சு எவ்வளவு?"

"அஞ்சடி."

"அங்குலம் பாருங்க."

"இல்ல ஹெப்சி. சரியா அஞ்சடி."

அவள் ஐந்தடி ஆறு அங்குலம். காலேஜில் சேர்ந்த வருஷம் என்னைத் தாண்டிவிட்டாள். கட்டிலில் குறுக்கே படுத்து, காலை வெளியே நீட்டிக்கொண்டுதான் தூங்குவாள்.

டேப் என் கையிலிருந்து போய்விட்டது. "அஞ்சடியா? அஞ்சடியிலயா எம்பிள்ளைய வெச்சீங்க? அவ கால எங்க நீட்டுவா? மடக்கிப் படுத்தா அவளுக்குத் தூக்கம் வராதே, உங்களுக்குத் தெரியாதா? ஒரு அளவு ஒழுங்கா எடுக்க ஆள் இல்லையா இந்த ஊர்ல?" என்று கத்தினேன். தரையில் உட்கார்ந்து கத்தினேன். ரோட்டில் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பார்க்கட்டும். நிறுத்த முடியவில்லை. கெசி, கெசி என்று அந்த டைல்ஸை அடித்தேன். குளிர்ச்சியாக இருந்தது.

செல்வின் வந்து பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தார். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"மேல கட்டுனதுதான் அஞ்சடி. டைல்ஸ்காரன் சின்னதாக் கட்டிட்டான். கீழ ஆறரை அடி இருக்கு ஹெப்சி. பெட்டிய எறக்குததுக்கு முன்னால நான் உள்ள எறங்கிப் படுத்துப் பாத்தேன். எனக்கே கால நீட்ட முடிஞ்சிது."

அவர் மடியில் தலையை வைத்து அழுதேன். அவரும் அழுதார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அப்புறம் அவர் எழுந்து போய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினார், நான் டேப்பைச் சுற்றினேன்.

வரைபடத்தில் அந்தக் கல்லறைக்கு நேரே நீளம் ஆறரை அடி என்று போட்டிருக்கிறேன். நான் அளக்கவில்லை. அவர் அளந்தது.